கடுகு போட்டுப் பார்த்த தராசு

ஒரு கடைக்குள் நுழைந்தால் அன்ரனெற்றின் கண் முதலில் போவது சாமானில் அல்ல, தராசில். ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் அவள் மீன் வாங்கும் கடையில் ஒருநாள், தட்டில் ஒன்றுமே இல்லாத நேரத்தில் தராசு பதினைந்து கிராம் காட்டிக்கொண்டு நின்றது. பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்க, "தம்பி, உங்கட தராசு காத்தையும் நிறுத்து விக்குது. பூச்சியத்துக்குக் கொண்டுவந்துபோட்டு மீனை வையுங்கோ" என்றாள். கடைக்காரரின் முகம் கறுத்தது. ஆனால் அடுத்த கிழமையே அவர் தராசைத் தூக்கிக்கொண்டு அவள் வேலை செய்யும் இடத்துக்கு வந்து நின்றார். அன்றிலிருந்து அந்தப் பக்கத்துச் சனத்துக்கு அவள் 'தராசு அன்ரி'.

வேலை செய்யும் இடம் என்பது அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவின் பின்பக்கம் இருந்த தராசு திருத்தும் கடை. உரிமையாளர் வோல்டர், வாயில் எப்போதும் பெப்பர்மின்ட் மிட்டாய் ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கும் அறுபது வயது மனிதர். யாழ்ப்பாணம் குருநகரில் பிறந்த அன்ரனெற் தொண்ணூற்றிரண்டில் ரொறன்ரோ வந்து, டோனட் கடையிலும் பெட்டி மடிக்கும் தொழிற்சாலையிலும் நின்று, ஏழு வருடம் கழித்துத் தொலைபேசி எடுக்கும் வேலைக்கு இந்தக் கடையில் சேர்ந்தாள். சேர்ந்த ஆறாம் மாதம் வோல்டர் காய்ச்சலில் படுத்துவிட, நகைக்கடைக்காரர் ஒருவர் தன் தராசு மாறி மாறிக் காட்டுகிறதென்று வந்து கத்தினார். அன்ரனெற் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அதைக் கழற்றினாள். உள்ளே செத்துக் கிடந்தது ஒரு சிலந்தி. அதன் ஒரு கால் அசையும் பாகத்தில் முட்டிக்கொண்டிருந்தது. காய்ச்சல் மாறி வந்த வோல்டர் அந்தச் சிலந்தியைக் கடதாசியில் வைத்துப் பார்த்துவிட்டு அவளை மாலை வகுப்புக்கு அனுப்பினார். சோதனை எழுதினாள், அனுமதிப் பத்திரமும் எடுத்தாள். இறைச்சிக் கடை, நகைக்கடை, மருந்துக்கடை என்று பத்து வருடத்தில் அவள் கை படாத தராசு குறைவு.

இரண்டாயிரத்தொன்பதாம் ஆண்டு ஏப்ரல் மாதம், மழை பெய்த ஒரு வியாழக்கிழமை, ஹேசல் என்ற பெண்மணி மூன்று அட்டைப் பெட்டிகளோடு கடைக்கு வந்தார். வயது அறுபத்தாறு. முப்பது வருடம் வீடு வீடாகக் கடிதம் போட்டு ஓய்வு பெற்றவர். நடையிலேயே அது தெரிந்தது. பெட்டியைத் திறந்து ஒரு கருவியை மேசையில் வைத்தார். மேலே கண்ணாடிக் குடுவை, பக்கத்தில் சுழலும் மெல்லிய குழாய், அதன் வாய்க்குக் கீழே சின்னத் தட்டு.

"இது மருந்து அளக்கும் கருவி" என்றார் ஆங்கிலத்தில்.

"என்ன மருந்து? இருமலுக்கா?" என்று அன்ரனெற் கேட்டாள்.

ஹேசல் வாய்விட்டுச் சிரித்தார். "துப்பாக்கி மருந்து."

தூர இலக்குச் சுடும் போட்டிக்காரர் அவர். தொள்ளாயிரம் மீற்றருக்கு அப்பால் நிற்கும் அட்டையைச் சுட வேண்டும். அந்தத் தூரத்துக்குக் கடையில் விற்கும் தோட்டாவை அவர்கள் நம்புவதில்லை. சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளைச் சேர்த்து, துடைத்து, புது மருந்தை அளந்து போட்டு, தங்கள் தோட்டாவைத் தாங்களே செய்துகொள்வார்கள். அளவு கூடினால் குண்டு மேலே போகும், குறைந்தால் கீழே விழும். அதற்காகத்தான் கிளப்பில் ஏழு பேர் சேர்ந்து போன இலையுதிர் காலத்தில் இந்தப் புது எலெக்ரோனிக் கருவிகளை வாங்கினார்கள். அவற்றில் மூன்றைத்தான் அவர் கொண்டுவந்திருந்தார். வேண்டிய எண்ணை அழுத்தினால் போதும். குழாய் சுழன்று மருந்தைக் கொட்டும், எண் கிட்டக் கிட்ட வேகம் குறைந்து, கடைசியில் ஒவ்வொரு மணியாக விழுத்தி நிற்கும்.

"பத்தில் ஒரு கிரெயினுக்கு மேல் பிழை வராது என்று பெட்டியில் போட்டிருக்கிறது" என்றார் ஹேசல். "ஆனால் இது வந்ததிலிருந்து என் குண்டு ஒன்று மேலே, ஒன்று கீழே. கம்பனியைக் கேட்டால் கருவி சரி என்கிறார்கள். கிளப்பில் கேட்டால்..." வெறும் பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். "என் கை போய்விட்டது, கண் போய்விட்டது என்கிறார்கள். இந்த வருடத்தோடு விட்டுவிடலாமென்று இருக்கிறேன். விடுவதற்கு முதல் ஒருதரம் கேட்டுப் பார்க்கலாமென்று வந்தேன்."

ஒரு கிராமைப் பதினைந்தரையாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு கிரெயின். அதிலும் பத்தில் ஒன்று! அன்ரனெற்றுக்கு உள்ளங்கை குறுகுறுத்தது. தானே கொட்டித் தானே இவ்வளவு நுணுக்கமாக நிறுக்கும் கருவி அந்தக் கடைக்கு வந்ததே இல்லை.

வோல்டர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். "கருவி இருக்கலாம். மருந்து ஒரு மணிகூட என் கடைக்குள் வரக்கூடாது."

வெறும் கருவியை வைத்துக்கொண்டு அன்ரனெற் சோதனையைத் தொடங்கினாள். சான்றிதழ் பெற்ற படிக்கற்களை இடுக்கியால் எடுத்து வைத்தாள். ஐம்பது கிராம் சரி, இருபது சரி, மூன்று கிராமும் சரி. ஒரு நாள் முழுக்க அரை மணிக்கு ஒருமுறை வைத்துப் பார்த்தாள். சூடேற விட்டுப் பார்த்தாள். மேசை லைற்றை அணைத்துப் பார்த்தாள், கைத்தொலைபேசியைப் பக்கத்தில் அடிக்க வைத்துப் பார்த்தாள். மூன்று கருவிகளும் சொன்ன சொல் மாறவில்லை.

"அப்படியென்றால் அந்த அம்மாவின் கண்தான்" என்றார் வோல்டர்.

"இல்லை" என்றாள் அன்ரனெற். ஏன் இல்லை என்று அவளுக்கே தெரியாது.

வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் ஜெயரட்ணம் சாப்பாட்டுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அது அந்த வசந்த காலம். வன்னியில் சண்டை கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. பேக்கரி வேலை முடித்ததும் அவர் நேரே யூனிவேர்சிற்றி அவெனியூவுக்குப் போய், சண்டையை நிறுத்தச் சொல்லித் தெருவில் நிற்கும் சனத்தோடு நிற்பார். அவருடைய தங்கை கிளடிஸ், புருசனோடும் இரண்டு பிள்ளைகளோடும் உள்ளே அகப்பட்டிருந்தாள். பங்குனியிலிருந்து ஒரு செய்தியும் இல்லை.

"உமக்கு விசரே?" என்றார். "இந்த நேரத்திலயோ துவக்கு மருந்து அளக்கிற மெசின்? ஏற்கெனவே எங்களை ஒரு மாதிரிப் பாக்கிறாங்கள். உம்மட பேருக்குப் பக்கத்தில ஆரும் வெடிமருந்து எண்டு எழுதினால் என்னெண்டு விளங்கப்படுத்துவீர்?"

"மருந்து கடைக்குள்ளயே வரேல்லையப்பா. வெறும் தராசு."

"தராசும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். ஏலாதெண்டு வோல்டரிட்டைச் சொல்லிவிடும்."

அவள் தலையாட்டினாள். ஆனால் சொல்லவில்லை. அந்தக் கருவி எங்கேயோ பொய் சொல்கிறதென்று அவள் மனதில் விழுந்துவிட்டது. பொய் சொல்லும் தராசைப் பெட்டியில் போட்டு மூடிவிட அவளால் முடியாது.

மே பதினெட்டாம் தேதி திங்கட்கிழமை, விக்டோரியா தின விடுமுறை. சண்டை முடிந்தது என்று தொலைக்காட்சி சொன்னது. வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். ஜெயரட்ணம் கிளடிஸின் பழைய இலக்கத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். அழுது களைத்தவர்களுக்கும் தெருவில் நிற்பவர்களுக்கும் சாப்பாடு வேண்டுமே என்று அன்ரனெற் குசினிக்குள் போனாள். பெரிய சட்டியில் எண்ணெய் காய்ந்தது. கடுகுப் போத்தலைச் சரித்தாள். போத்தல் வாய் அடைத்திருந்ததால் கடுகு கொட்டாமல் ஒவ்வொன்றாக விழுந்தது. ஒன்று வெடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

அவள் கை அப்படியே நின்றது.

நான் படிக்கல்லை ஒரேயடியாக வைத்தேன். மருந்து ஒரேயடியாகவா விழுகிறது? கடைசியில் இப்படித்தானே விழுகிறது, ஒவ்வொரு மணியாக!

அந்த நிமிடம் அவளுக்கு வெட்கமாக இருந்தது. முன் அறையில் சனம் விம்மிக்கொண்டிருக்க, தன் நெஞ்சு இப்படிச் சந்தோசத்தில் அடிக்கலாமா? மாதாவே மன்னித்துக்கொள் என்று முணுமுணுத்தாள். ஆனாலும் மறுநாள் வேலைக்குப் போகும்போது அவள் கைப்பையில் ஒரு சின்னப் போத்தல் கடுகு இருந்தது.

செவ்வாய்க்கிழமை வோல்டர் கோப்பி வாங்கப் போன நேரம் அவள் தொடங்கினாள். நகைக்கடைக்காரருக்கென்று வைத்திருந்த நல்ல தராசில் நூறு கடுகை எண்ணி நிறுத்தாள். ஒரு கடுகு இரண்டு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல். அப்படியென்றால் மூன்று கடுகுக்குப் பத்தில் ஒரு கிரெயின். கைக்கு அடக்கமான அளவு!

ஹேசலின் கருவியில் மூன்று கிராம் படிக்கல்லை வைத்தாள். நாற்பத்தாறு புள்ளி மூன்று கிரெயின் என்று காட்டியது. சரி. பன்னிரண்டு கடுகை ஒரு சிட்டிகையாக எடுத்துத் தட்டில் போட்டாள். உடனே நாற்பத்தாறு புள்ளி ஏழு. அதுவும் சரி. கடுகை எடுத்தாள். இப்போது இடுக்கியால் ஒவ்வொன்றாக, மூன்று செக்கனுக்கு ஒன்றாக விழுத்தினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. எண் அசையவில்லை. ஆறு, ஏழு, எட்டு. நாற்பத்தாறு புள்ளி மூன்று. பன்னிரண்டாவது கடுகும் விழுந்து உருண்டு நின்றது. நாற்பத்தாறு புள்ளி மூன்று!

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டைத் தூக்கினாள். தட்டு எழுந்ததும் கருவி தானாகவே கணக்கைப் புதிதாகத் தொடங்கும். அதன் பழக்கம் அது. தட்டைத் திரும்ப வைத்தாள்.

நாற்பத்தாறு புள்ளி ஏழு.

"கள்ளன்!" என்று அன்ரனெற் கத்தினாள். "அடேய் கள்ளா, பன்னிரண்டையும் விழுங்கிப்போட்டு இருந்தனியே!"

வோல்டர் இரண்டு கையிலும் கோப்பியோடு கதவடியில் நின்றார். பத்து வருடத்தில் அவள் இப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை. அவரை இழுத்து வந்து உட்கார வைத்து, இரண்டாம் கருவியில் காட்டினாள், மூன்றாவதிலும் காட்டினாள். ஒன்று பன்னிரண்டு கடுகை விழுங்கியது, ஒன்று ஒன்பதை, ஒன்று பதினான்கை. மெதுவாகப் போட்டால் அதிகமாக விழுங்கியது, வேகமாகப் போட்டால் குறைவாக. மிட்டாயைக் கடிக்கவும் மறந்து வோல்டர் பார்த்துக்கொண்டிருந்தார். "ஹேசலுக்குப் போன் அடி, உடனே அடி!" என்றார்.

"உங்கள் கை இல்லை, ஹேசல்" என்றாள் அன்ரனெற் தொலைபேசியில். "உங்கள் கண்ணும் இல்லை. மருந்து ஒவ்வொரு மணியாக விழும்போது இந்தக் கருவி அதை உணரவில்லை. தான் நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிப் போட்டுவிட்டு, சரியென்று காட்டுகிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு அளவு."

"இன்னொருதரம் சொல்லுங்கள்" என்றார் ஹேசல்.

இன்னொருதரம் சொன்னாள்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து காரை நிறுத்தியவள் இறங்கவில்லை. உள்ளே ஜெயரட்ணம் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார். இதை அவரிடம் சொல்ல முடியாது. சொல்லாமல் இருக்கவும் முடியாது. அதனால் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று கடுகு விழுந்ததிலிருந்து அத்தனையையும் ஸ்ரியரிங்குக்குச் சொல்லி முடித்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கருவி செய்த கம்பனி மார்க்கம் நகரப் பக்கம் இருந்தது, சின்னக் கம்பனி. அன்ரனெற் அறுபது அளவுகளை ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது. கருவி ஒவ்வொன்றும் படிக்கல்லால் சோதிக்கப்பட்டது, குறை பாவனையாளருடையது, இத்துடன் முடிந்தது என்று மூன்றே வரி. அவள் திரும்ப எழுதினாள். பதிலில்லை. மறுபடியும் எழுதினாள்.

யூன் நடுவில் ஒரு காலையில், முகாம் ஒன்றிலிருந்து ஆருடையதோ தொலைபேசியில் கிளடிஸ் கதைத்தாள். நாற்பது செக்கன் மட்டும். நான்கு பேரும் உயிரோடு இருக்கிறோம் என்று சொன்னாள். சின்னவனுக்குக் காலில் காயம், ஆனால் நடக்கிறான் என்றாள். லைன் அறுந்தது. ஜெயரட்ணம் பேக்கரிச் சட்டையோடு குசினி நிலத்தில் உட்கார்ந்து அழுதார், சிரித்தார், திரும்ப அழுதார். அன்றிரவு இரண்டு மாதத்துக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்:

"அந்தத் தராசு என்னாச்சு?"

அன்ரனெற் திடுக்கிட்டாள். "எந்தத் தராசு?"

"இஞ்சேரும், நான் என்ன குருடனோ? ஒரு மாசமா வீட்டில கடுகு முடிஞ்சு முடிஞ்சு போகுது. சொல்லும்."

சொன்னாள். தொடக்கத்திலிருந்து சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, "அந்த மனிசியை விசரியாக்கப் பாத்திருக்கிறாங்கள்" என்றார். "விடாதையும்."

அவள் எழுதிய ஐந்தாவது கடிதத்துக்குப் பதிலாக, யூலை முதல் கிழமை, கம்பனியிலிருந்து ஒருவன் நேரிலேயே வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும். தோளில் மடிக்கணினிப் பை. உள்ளே வந்து வோல்டரிடம் ஆங்கிலத்தில், "மிஸ் அன்ரனெற் இருக்கிறாரா?" என்று கேட்டான்.

"நான்தான்" என்று நிமிர்ந்தவள், அவன் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் பார்த்தாள். பிரவீண். "தமிழோ?"

அவன் வாயைப் பிளந்தான். "நீங்க தமிழுங்களா? பேரைப் பார்த்துட்டு யாரோ பிரெஞ்சுக்காரம்மான்னு நினைச்சேங்க!"

கோயம்புத்தூர்ப் பையன். கம்பனியில் கருவிக்கு மென்பொருள் எழுதியவன் அவன்தான். மரியாதையாகத்தான் பேசினான். ஆனால் முகத்தில் சிரிப்பு மறையவில்லை. "தப்பா நினைக்காதீங்க மேடம். இது பிரிசிஷன் எக்விப்மென்ட். கடுகை வச்செல்லாம் டெஸ்ட் பண்ண முடியாதுங்க."

"நீங்கள் என்னெண்டு தம்பி ரெஸ்ட் பண்ணினனீங்கள்?"

"இருபது கிராம், அம்பது கிராம் வெயிட் வச்சு. ஒரு மெஷினுக்கு இருநூறு தடவைங்க."

"ஒரேயடியா வைச்சனீங்கள், என்ன?"

"ஆமாங்க. வெயிட்டை எப்படிங்க பாதிப் பாதியா வைக்கிறது?"

"மருந்து ஒரேயடியாவோ விழுது?"

அவன் குனிந்து குழாயின் வாயைப் பார்த்தான். அன்ரனெற் இடுக்கியை அவன் கையில் கொடுத்தாள். "நான் தொடேல்லை. நீங்களே போடுங்கோ."

அவன் போட்டான். ஐந்தாவது கடுகில் சிரிப்புப் போயிற்று. எட்டாவதில் வியர்த்தது. பன்னிரண்டாவதுக்குப் பிறகு தட்டைத் தூக்கி வைத்தவன், எண்ணைப் பார்த்துவிட்டு அப்படியே நிலத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

"ஐயோ" என்றான். "நான்தாங்க பண்ணிட்டேன்."

காற்று அடித்தாலும் சூடு மாறினாலும் எண் ஆடக்கூடாது என்பதற்காக அவன் ஒரு வடிகட்டி எழுதியிருந்தான். மெதுவாக வரும் மாற்றத்தை எல்லாம் அது, கருவியின் எண் தானாக நழுவுகிறது என்று நினைத்துக் கழித்துவிடும். மெதுவாக விழும் மருந்தையும் சேர்த்துக் கழித்துவிட்டது. "நல்லது பண்றதா நினைச்சு எழுதினதுங்க" என்றவன் மடிக்கணினியைத் திறந்து, நிலத்தில் இருந்தபடியே தட்டத் தொடங்கினான்.

அரை மணியில் முதல் திருத்தம் முடிந்தது. வடிகட்டியை முழுதாக எடுத்துவிட்டான். அன்ரனெற் படிக்கல்லோடு மூன்று கடுகை ஒவ்வொன்றாகப் போட்டாள். எண் ஏறியது! இரண்டு பேரும் கைதட்டினார்கள். அந்த நேரம் பார்த்து ஏசி ஓடத் தொடங்கியது. நாற்பத்தாறு புள்ளி ஒன்று, ஐந்து, இரண்டு, எட்டு என்று எண் பேய் பிடித்ததுபோல் ஆடியது.

"இதுக்குத்தாங்க ஃபில்டர் போட்டேன்!" என்று அவன் தலையில் கைவைத்தான். "இருந்தா முழுங்குது, எடுத்தா ஆடுது."

அன்ரனெற் எழுந்து நடந்தாள். கடைக்குள் நடக்க இருந்தது ஆறு அடி இடம். ஆறடியிலும் போய்ப் போய் வந்தாள். குழாயைப் பார்த்தாள். குழாயைச் சுழற்றும் மோட்டரைப் பார்த்தாள்.

"தம்பி, மெசினுக்குத் தான் மருந்து போடுறது தெரியாதோ?"

"புரியலீங்க."

"மோட்டரைச் சுத்தச் சொல்லுறதே உந்த மெசின்தானே! தான் போடேக்க தனக்குத் தெரியும் தானே! மோட்டர் சுத்துற நேரம் மட்டும் உந்த வடிகட்டியைச் சும்மா இருக்கச் சொல்லுங்கோ. மற்ற நேரம் அது தன்ரை வேலையைப் பாக்கட்டும்."

பிரவீண் அவளைப் பார்த்தான். மடிக்கணினியைப் பார்த்தான். திரும்ப அவளைப் பார்த்தான்.

"அக்கா!" என்று எழுந்தே விட்டான். அதற்குப் பிறகு மேடம் என்ற சொல் வரவே இல்லை.

அதை எழுத இருபது நிமிடம் போதுமாயிருந்தது. சோதிக்கத்தான் பின்னேரம் முழுக்க எடுத்தது. வோல்டரின் நிபந்தனைப்படி மருந்து கிடையாது. அதனால் குடுவையைக் கடுகால் நிரப்பினார்கள். கருவி தானே அளந்து கொட்டும். பிரவீண் தட்டை எடுத்து நீட்டுவான். அன்ரனெற் நகைத் தராசில் வைத்து உண்மையான நிறையைக் கூவுவாள்.

"நாப்பத்தாறு தசம் மூண்டு!"

"நாப்பத்தாறு பாயிண்ட் மூணு! சரி!"

"தசம் மூண்டு!"

"பாயிண்ட் மூணு! போடுங்கக்கா, அடுத்தது!"

ஒருவர் மூண்டு என்று கத்த மற்றவர் மூணு என்று கத்த, முன் கடைப் பீற்சாக்காரர் ஓடிவந்து ஏதும் சண்டையா என்று வோல்டரிடம் விசாரித்தார். தெரியாது, ஆனால் இரண்டு பேரும் சிரிக்கிறார்கள் என்றார் வோல்டர். நிலமெல்லாம் கடுகு. நடந்தால் காலுக்குக் கீழே உருண்டது.

அறுபது தடவை. ஐம்பத்தெட்டு, பத்தில் ஒரு கிரெயினுக்குள் வந்தது. இரண்டு மட்டும் பத்தில் இரண்டு தாண்டியது.

"அந்த ரெண்டையும் விட்டுடலாமாக்கா? குழா நுனியில ரெண்டு கடுகு சேர்ந்து ஒட்டிடுச்சு, அவ்வளவுதான்."

"விடேலாது. எழுதுங்கோ. ஏனெண்டும் எழுதுங்கோ."

எழுதினான். அந்தத் தாளில் அவள் கையெழுத்து வைத்தாள். பிரவீணும் பேனையை வாங்கிக் கீழே தன் கையெழுத்தை வைத்தான். அது அவன் வேலைக்கே உலை வைக்கலாம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். "முதலாளி கத்துவார்" என்றான். "கத்தட்டுமே. கடுகை அவர் கையில கொடுத்துடறேன்."

கொடுத்தும் இருக்கிறான். முதலாளி தானே பன்னிரண்டு கடுகைப் போட்டுப் பார்த்துவிட்டு, விற்ற கருவிகள் முந்நூற்றுச் சொச்சத்தையும் திருத்தித் தருவதாக எல்லோருக்கும் கடிதம் அனுப்பினார். முதல் கடிதம் ஹேசலுக்கு. அதில் மன்னிப்பும் இருந்தது.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை போட்டி. பாரி நகரத்தைத் தாண்டிய ஒரு சுடும் மைதானம். வரத்தான் வேண்டும் என்று ஹேசல் பிடிவாதமாக நின்றார். ஜெயரட்ணம் காரோட்டிக்கொண்டு வந்தார். ஆனால் மைதானத்தில் இறங்க மாட்டேன் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்தார். அன்ரனெற் அவரை வற்புறுத்தவில்லை. அவளும் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். வெடிச்சத்தம் கேட்டுப் பதினேழு வருடம்.

முதல் வெடி வெடித்தபோது அவள் தன்னையறியாமல் காருக்குப் பின்னால் குந்திவிட்டாள். கைகள் காதைப் பொத்தியிருந்தன. ஹேசல் ஓடிவரவில்லை, இரக்கப்படவும் இல்லை. மெதுவாக நடந்து வந்து, பக்கத்தில் தானும் குந்தி, காதுமூடி ஒன்றை அவள் தலையில் மாட்டிவிட்டார். "அங்கே அட்டைதான் நிற்கிறது. வேறொன்றும் இல்லை" என்றார். "நேரம் எடுத்துக்கொள்ளுங்கள்."

அன்ரனெற் பத்து வெடி வரை எண்ணினாள். பதினோராவதுக்கு எழுந்து நின்றாள்.

ஹேசலின் முறை வந்தது. பாயில் குப்புறப் படுத்து, ஒரு தோட்டாவை எடுத்து வைத்தார். அன்ரனெற்றுக்கு முக்காலியில் நின்ற தொலைநோக்கியைக் காட்டினார்கள். ஒவ்வொரு வெடிக்கும் பிறகு தூரத்து அட்டை நிலத்துக்குள் இறங்கும். ஏறி வரும்போது குண்டு பட்ட இடத்தில் ஒரு வெள்ளை வட்டு குத்தியிருக்கும். கருவியைத் திருத்துவதற்கு முதல் ஹேசலின் பத்துக் குண்டும் மேலும் கீழுமாக ஒரு முழ உயரத்துக்குச் சிதறியதாக எழுதி வைத்திருந்தார்.

முதல் குண்டு நடுவுக்குக் கொஞ்சம் இடப்பக்கம். இரண்டாவது அதே உயரம். மூன்றாவது வலப்பக்கம், ஆனால் அதே உயரம். அன்ரனெற் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாலு, ஐந்து. வெடிக்கும் சத்தம் இப்போது அவள் காதில் விழவே இல்லை. வெள்ளை வட்டு ஏறி வரும் அந்த ஐந்து செக்கன் மட்டும் நெஞ்சைப் பிடித்தது. ஏறு, ஏறு, எங்கே? அதே உயரம்! ஆறு, ஏழு, எட்டு!

"என்ன நடக்குது?" பின்னால் ஜெயரட்ணத்தின் குரல். எப்போது காரை விட்டு இறங்கினார் என்று தெரியாது.

"பாருங்கோப்பா, இதுக்குள்ளால பாருங்கோ! நேர்கோடு! மேலயும் போகேல்லை, கீழயும் போகேல்லை!"

அவர் குனிந்து பார்த்தார். ஒன்பதாவது ஏறியது. "இதுவும் அதிலதான்!" என்று அவரே கத்தினார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

பத்தும் முடிந்து அளந்தபோது, மேலிருந்து கீழுக்கு ஒரு சாண்தான். அகலத்தில் மட்டும் காற்று இழுத்துவிட்டிருந்தது. அதனால் ஹேசலுக்குக் கிடைத்தது நான்காம் இடம். நான்காம் இடத்துக்குப் பதக்கமும் இல்லை, கிண்ணமும் இல்லை. அதைப்பற்றி அவருக்குக் கவலையே இல்லை. தன் கையைப் பற்றியும் கண்ணைப் பற்றியும் சொன்ன இரண்டு ஆண்களை வரவழைத்து, அட்டையைத் தட்டித் தட்டிக் காட்டினார். "உயரத்தைப் பாருங்கள்! உயரத்தை!" பிறகு அன்ரனெற்றைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார். அறுபத்தாறு வயதில் நல்ல பலம். அடுத்த வருடமும் சுடப்போகிறாராம்.

அதற்குப் பிறகு அந்தக் கம்பனியில் புது மாதிரி எது செய்தாலும் முதலில் அஜின்கோர்ட்டுக்குத்தான் வரும். பிரவீண்தான் கொண்டுவருவான், மனைவி செய்த முறுக்கோடு. சோதனைப் புத்தகத்தில் அவன் அதற்கு ஒரு பெரிய ஆங்கிலப் பெயர் எழுதி வைத்திருந்தான். அன்ரனெற்றும் வோல்டரும் கடுகுச் சோதனை என்றே சொல்வார்கள். வோல்டருக்கு வாயில் வந்த ஒரே தமிழ்ச் சொல் 'கடுகு'.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தச் சனிக்கிழமை திரும்பி வரும்போது நானூறாம் நெடுஞ்சாலை முழுக்கக் கார், அடியடியாகத்தான் அசைந்தது. அன்ரனெற் வாய் ஓயவில்லை. ஒன்பதாவது குண்டு எங்கே பட்டது, மூன்றாவது ஏன் வலப்பக்கம் போனது, காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று கையை வீசி வீசிச் சொல்லிக்கொண்டே வந்தாள். பசி வயிற்றைக் கிள்ளியது. அதையும் மறந்து சொன்னாள்.

ஜெயரட்ணம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "காத்துத்தானே அந்த மனிசியைக் கெடுத்தது?" என்றார். "காத்தை அளக்க ஒரு மெசின் இல்லையோ?"

"இருக்கு. ஹேசலிட்டையே ஒண்டு இருக்கு. கையில பிடிக்கிற சின்ன மெசின்."

"பிறகென்ன?"

அன்ரனெற் சீற்றில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அது சரியாக் காட்டுதோ எண்டு ஆரப்பா பாத்தது?"

ஜெயரட்ணம் ஸ்ரியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். பின்னால் நின்ற கார்க்காரர் ஹோன் அடித்தார். முன்னால் பத்தடி இடம் விட்டிருந்தது.